கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி யூசியில் பட்டம் வாங்க முடியுமா? ஒரு தாயின் கேள்விக்கு என் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். பொறியியலோ கணினி அறிவியலோ படிக்க வேண்டும் என்று ஆசை. விண்ணப்பித்த யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) வளாகங்கள் எதிலும் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த வெளிமாநிலக் கல்லூரியின் செலவு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. "பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ரெண்டு வருஷம் படிச்சிட்டு டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கிறேன்" என்கிறான் பையன். (கம்யூனிட்டி காலேஜ் என்பது இளநிலைப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் அரசுக் கல்லூரி. அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறுவதுதான் டிரான்ஸ்ஃபர்.) இது நிஜமாகவே நடக்கிற காரியமா, கடைசிப் பட்டத்தில் மதிப்புக் குறையுமா, எங்கே சறுக்குவார்கள், சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று கேட்கிறார்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் கணிதம் நடத்தியவன். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன், மாற முடியாமல் நின்றுபோனவர்களையும் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் நடுவே அறிவில் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பாடத்தை எப்போது எடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். நடக்கிற காரியம்தான். கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி (சுருக்கமாகக் கால் ஸ்டேட்) வளாகங்களில் இளநிலைப் பட்டம் வாங்குகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வந்தவர்கள். யூசியில் பத்துக்கு மூன்று பேர் அளவுக்கு இருப்பார்கள். பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு எங்கே படித்தான் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்களை மற்றவர்களோடு அதே வகுப்பில் உட்கார்ந்து, அதே தேர்வை எழுதித்தான் வாங்குகிறான்.

இந்த மாநிலத்தில் இது யாரோ இரக்கப்பட்டுத் திறந்துவிட்ட வழி அல்ல. 1960-இல் கலிபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அப்போது யூசியின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதற்குப் பின்னால் இருந்த முக்கியமான ஆள். பள்ளி முடிக்கிறவர்களில் மேல்தட்டில் எட்டில் ஒரு பங்கினர் யூசிக்கு, மேல்தட்டில் மூன்றில் ஒரு பங்கினர் கால் ஸ்டேட்டுக்கு, படிக்க வருகிற மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ் என்று பிரித்தார்கள். அப்படிப் பிரித்தபோதே, கம்யூனிட்டி காலேஜில் நன்றாகப் படிக்கிறவன் இரண்டு ஆண்டு கழித்து மேலே ஏறிப்போக வழி இருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். பல்கலைக்கழகங்கள் மேல் வகுப்புகளில் இவர்களுக்கு இடம் வைக்க வேண்டும் என்பதற்காகவே, தொடக்க இரண்டு ஆண்டுகளில் 40 பேர் இருந்தால் மேல் இரண்டு ஆண்டுகளில் 60 பேர் இருக்க வேண்டும் என்ற விகிதம் வந்தது. கட்டடத்தை வரைந்த அன்றே வைத்த வாசல் இது. இன்றும் முதலாண்டில் சேர்க்கிற ஒவ்வொரு இரண்டு பேருக்கும் ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவரைச் சேர்ப்பது என்பது யூசி தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு. டிரான்ஸ்ஃபரில் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைகள்தான்.

யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏயை எடுத்துக்கொள்ளுங்கள். அண்மை ஆண்டுகளில் பள்ளியிலிருந்து நேராக விண்ணப்பிக்கிற நூறு பேரில் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் அங்கே இடம் கிடைக்கிறது. டிரான்ஸ்ஃபரில் விண்ணப்பிக்கிற நூறு பேரில் இருபத்தைந்து பேர் அளவுக்குக் கிடைக்கிறது. இது எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு என்பதை மறக்க வேண்டாம். கணினி அறிவியலையும் பொறியியலையும் தனியாகப் பார்த்தால் வாசல் வெகுவாகக் குறுகிவிடும். உங்கள் மகன் கேட்பது அந்தத் துறைகளைத்தான் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இனி கசப்பான பக்கம். அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், கம்யூனிட்டி காலேஜில் சேருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இளநிலைப் பட்டம் வாங்குவதே நோக்கம் என்கிறார்கள். மூன்றில் ஒருவர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார். ஆறு ஆண்டுக்குள் பட்டத்தைக் கையில் வாங்குகிறவர்கள் ஆறு பேரில் ஒருவர். இதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அதில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே அரைநேரம் படிக்கிறவர்கள். குழந்தை வைத்திருப்பவர்கள், வாடகை கட்ட வேண்டியவர்கள் உண்டு. வீட்டில் இருந்து முழுநேரம் படிக்கப் போகும் உங்கள் மகனின் நிலை வேறு. ஆனாலும் அவனைப் போன்ற பிள்ளைகளும் விழுகிறார்கள், அதற்கான காரணத்தைத்தான் விளக்கப் போகிறேன்.

நம் ஊரில் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்வார்கள். இதையும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள் நம் மக்கள். அங்கே டிப்ளமோ முடித்தால் ஆள் மொத்தமாக இரண்டாம் ஆண்டுக்குப் போய்விடுவார். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு பாடமும் தனித்தனியாகப் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏற வேண்டும். சீட்டு இல்லாத பாடம் நடைமேடையிலேயே நின்றுவிடும். அமெரிக்க அரசின் கணக்காயர் அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் தாங்கள் படித்து முடித்த பாடங்களுக்காகச் சேர்த்த கிரெடிட்டில் சராசரியாக 43 விழுக்காட்டை இழக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அதில் எல்லா வகைக் கல்லூரி மாற்றமும் அடக்கம். பொதுக் கல்லூரியிலிருந்து பொதுக் கல்லூரிக்கு மாறினால் இழப்பு குறைவு. ஆனாலும் ஓர் ஆண்டு உழைப்பு காற்றில் போவது இங்கே அபூர்வம் இல்லை.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. அசிஸ்ட் என்ற இலவச இணையதளம். அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே உள்ள பாட ஒப்பந்தங்கள் எல்லாம் அதில் உள்ளன. உங்கள் கல்லூரியின் பெயர், போக நினைக்கும் வளாகத்தின் பெயர், துறை ஆகிய மூன்றையும் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் எடுக்க வேண்டிய பாடம். அதைக் கடைக்கு எழுதிய மளிகைச் சீட்டு போலப் படிக்கக் கூடாது, பத்திரம் படிப்பது போலப் படிக்க வேண்டும். இரண்டு பாடத்துக்கு நடுவே "மற்றும்" என்று இருந்தால் இரண்டையும் எடுத்தாக வேண்டும். "அல்லது" என்று இருந்தால் ஒன்று போதும். இதைத் தவறாகப் படித்து ஒரு பாடத்தை விட்டுவிட்டு வந்து என் அறையில் அழுத பிள்ளைகள் உண்டு. சில வரிகளில் வலப்பக்கம் ஈடான பாடமே இல்லை என்று போட்டிருக்கும். அப்படியானால் உங்கள் கல்லூரியில் அது இல்லை. பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறதா என்று பார்த்து அங்கே போய் எடுக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் மாறிய பிறகு எடுக்க வேண்டியிருக்கும்.

பக்கத்துக் கல்லூரி என்றதும் உங்கள் வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை. ஃப்ரீமாண்டில் ஓலோனி இருக்கிறது. கொஞ்சம் தள்ளி குப்பர்டினோவில் டீ அன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் ஃபுட்ஹில், ஹேவர்டில் ஷபோ. ஓலோனியும் ஷபோவும் செமஸ்டர் முறை. டீ அன்சாவும் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறை. கல்வியாண்டை இரண்டு பருவமாகப் பிரிப்பது செமஸ்டர், மூன்று குறுகிய பருவமாகப் பிரிப்பது குவார்ட்டர். கால்குலஸ் (நுண்கணிதம்) வரிசை செமஸ்டர் கல்லூரியில் மூன்று பாடம், குவார்ட்டர் கல்லூரியில் நான்கு பாடம். ஓலோனியில் முதல் கால்குலஸை எடுத்துவிட்டு, "இங்கே சீட் நிரம்பிடுச்சு, டீ அன்சாவில் இரண்டாவதை எடுக்கிறேன்" என்று கிளம்பினால் நடுவில் சில அத்தியாயங்களை யாருமே நடத்தியிருக்க மாட்டார்கள். பல ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட தொடர்வரிசையை ஒரே கல்லூரியில் முடிக்க வேண்டும் என்றே இருக்கும். கணித வரிசை, இயற்பியல் வரிசை, வேதியியல் வரிசை, இவற்றை எங்கே தொடங்குகிறானோ அங்கேயே முடிக்கட்டும். வரலாறு, பேச்சுக்கலை போன்ற தனிப் பாடங்களை எங்கே எடுத்தாலும் பெரிய சேதம் இல்லை.

இப்போது நான் மிகவும் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டு, இரண்டு ஆண்டு என்று எல்லோரும் சொல்கிறோம். காலண்டரை எடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டில் சேர்கிறான். அடுத்த ஆண்டு அக்டோபர், நவம்பரில் யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் விண்ணப்பம் போட வேண்டும். அந்த நேரத்தில் அவன் கையில் மதிப்பெண்ணோடு இருப்பது இரண்டு செமஸ்டரும் ஒரு கோடைக்காலமும்தான். மூன்றாம் செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும், நான்காவது வெறும் திட்டமாக இருக்கும். மூன்றாம் செமஸ்டர் மதிப்பெண்ணை ஜனவரியில் ஒரு படிவத்தில் சேர்த்துக் கொடுக்கலாம். யூசியில் அது கட்டாயமும்கூட. ஆக, பார்ப்பவர்கள் கண்ணுக்கு மதிப்பெண்ணாகத் தெரிவது ஒன்றரை ஆண்டுதான். முதல் செமஸ்டரை "பழகிக்கலாம்" என்று தளர்த்தியாக விட்டவன் தன் கணக்கில் மூன்றில் ஒரு பங்கை அப்போதே தொலைத்துவிட்டான்.

இதோடு பாடங்களின் வரிசையைச் சேர்த்துப் பாருங்கள். பொறியியலுக்கு மூன்று கால்குலஸ், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், கால்குலஸை அடிப்படையாகக் கொண்ட இயற்பியலில் இரண்டு மூன்று பாடம், வேதியியல், நிரலாக்கம். கால்குலஸ் ஒன்று முடியாமல் இரண்டு இல்லை. இயற்பியலின் முதல் பாடத்துக்கே கால்குலஸ் வேண்டும். ரயில்பெட்டி போல ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும். முதல் செமஸ்டரில் நேராகக் கால்குலஸ் ஒன்றில் உட்கார்ந்தவன் மூன்றாம் செமஸ்டரில் கால்குலஸ் மூன்றை எடுத்துக்கொண்டிருப்பான், நான்காவதில் மிச்சத்தை முடிப்பான். அதற்கு முந்தைய பாடமான பிரீகால்குலஸில் தொடங்கியவனுக்கு ஒரு செமஸ்டர் பின்தங்கும். கோடையில் எடுத்துச் சரிக்கட்ட வேண்டும், முடியாவிட்டால் மூன்றாம் ஆண்டும் அங்கேதான். என்னிடம் படித்த ஒரு பையன், கெட்டிக்காரன், இரண்டாம் செமஸ்டரில் இயற்பியலைத் தள்ளி வைத்துவிட்டு எளிதான பொதுப் பாடங்களாக நான்கு எடுத்தான். ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) அழகாக இருந்தது. அடுத்து அவனுக்கு வேண்டிய இயற்பியல் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு பாடத்துக்காக ஓராண்டு காத்திருந்தான். சேர்ந்த முதல் வாரத்திலேயே நான்கு செமஸ்டருக்கான பாடத்தையும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லக் காரணம் அவன்தான்.

கணிதம் நடத்தியவன் என்பதால் ஒரு நல்ல செய்தியையும் சேர்க்கிறேன். முன்பெல்லாம் சேர வருகிறவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, அதில் சற்றுத் தடுமாறினால் பள்ளிக் கணிதத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிரெடிட் கிடைக்காத பாடங்களில் இரண்டு, மூன்று செமஸ்டர் போகும். அந்தப் படிக்கட்டில் ஏறத் தொடங்கிக் கல்லூரிக் கணிதம் வரை வந்து சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. பாதியில் போனவர்களின் முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. 2017-இல் நிறைவேறிய ஒரு சட்டம் இதை ஏறத்தாழ ஒழித்துவிட்டது. இப்போது பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்தே நேராகக் கல்லூரிப் பாடத்தில் உட்கார வைக்கிறார்கள். தேவைப்பட்டால் கூடவே ஒரு துணைவகுப்பு உண்டு. உங்கள் மகனை யாராவது கீழ்ப்பாடத்தில் தொடங்கச் சொன்னால், ஏன் என்று மரியாதையாகக் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

பொதுப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் பொதுவாக கால்-ஜெட்சி என்று ஒரே தொகுப்பு இருக்கிறது, 34 யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் எண், கிரெடிட் என்பதும் இதுதான்). 2025 இலையுதிர் பருவத்தில் சேர்ந்தவர்களிலிருந்து பழைய ஐஜெட்சிக்குப் பதிலாக இதுதான். மூத்த பிள்ளைகள் ஐஜெட்சி பற்றிச் சொல்லும் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறியியலுக்குப் போகிறவன் இந்தத் தொகுப்பை முழுதாக முடிப்பதற்காகத் துறைப்பாடத்தைத் தள்ளிப்போடவே கூடாது. பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது துறைக்கு வேண்டிய கணிதமும் அறிவியலும் முடிந்திருக்கிறதா என்பதைத்தான்.

உத்தரவாதம் என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். இரண்டு வகை உண்டு. ஒன்று கால் ஸ்டேட்டுக்கு உரியது, 2010-இல் வந்த சட்டத்தால் உருவான டிரான்ஸ்ஃபர் அசோசியேட் பட்டம். கம்யூனிட்டி காலேஜில் 60 யூனிட்டில் அதை முடித்தால், கால் ஸ்டேட் அமைப்புக்குள் இடம் உறுதி. அங்கே இன்னும் 60 யூனிட்டில் பட்டம். ஆனால் எந்த வளாகம் என்பதற்கு உறுதி இல்லை. சான் ஹோசே ஸ்டேட் வேண்டும் என்று மனதில் வைத்திருந்தால், அங்கே அந்தத் துறைக்கு இருக்கும் போட்டியில் தனியாக வென்றாக வேண்டும். எந்த வழியில் போனாலும் எழுத்து, பேச்சு, தருக்கச் சிந்தனை, கணிதம் என்று கால் ஸ்டேட் கேட்கும் நான்கு அடிப்படைப் பாடங்களில் சி மைனஸுக்குக் கீழே போகக் கூடாது.

இன்னொன்று யூசிக்கு உரியது, டேக் என்பார்கள். டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் என்று ஆறு வளாகங்கள் மட்டும் இதைத் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ தருவதில்லை. ஆறில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வளாகம் சொல்லும் ஜிபிஏயும் பாடங்களும் இருந்தால் இடம் உறுதி. செப்டம்பர் மாதம் முழுவதும் இதற்கென்றே திறந்திருக்கும், அக்டோபர் பிறந்தால் மூடிவிடும். அதற்குள் 30 யூனிட் முடிந்திருக்க வேண்டும். டேக் போட்டாலும் வழக்கமான விண்ணப்பத்தையும் நவம்பர் முடிவதற்குள் தனியாகப் போட வேண்டும், அதை மறந்தவர்களுக்கு டேக் செல்லாது. கணினி அறிவியல், பொறியியல் போன்ற துறைகளைச் சில வளாகங்கள் டேக்கிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. இந்தப் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். அதனால் உங்கள் மகன் டேக்கில் தனக்குக் கிடைக்கக்கூடிய ஒரு வளாகம், போட்டியில் முயலும் மூன்று நான்கு யூசிக்கள், இரண்டு கால் ஸ்டேட்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது. யூசிஎல்ஏ மேல் ஆசை இருந்தால் கல்லூரியில் ஹானர்ஸ் திட்டம் இருக்கிறதா, அது ஹானர்ஸ் மாணவர்களுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் யூசிஎல்ஏயின் டேப் என்ற ஏற்பாட்டில் சேர்ந்திருக்கிறதா என்று முதல் செமஸ்டரிலேயே விசாரிக்கட்டும்.

யூசி கேட்கும் குறைந்தபட்சம் 60 யூனிட், ஜிபிஏ 2.4. இது பேருக்குத்தான், நல்ல துறைக்கு 3.5-க்கு மேல் இல்லாமல் நம்பிக்கையோடு இருக்க முடியாது. கம்யூனிட்டி காலேஜிலிருந்து அதிகபட்சம் 70 யூனிட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதற்கு மேல் படித்த பாடத்துக்கு அங்கீகாரம் உண்டு, யூனிட் சேராது.

ஒரு பாடத்தில் சி வாங்கிவிட்டால் அது தேர்ச்சி என்பதால், மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக அதே பாடத்தைத் திரும்ப எடுக்க விடமாட்டார்கள். டி அல்லது எஃப் வாங்கினால்தான் திரும்ப எடுக்கலாம். அதனால் தடுமாறுகிறவன் கெடுவுக்குள் விலகி டபிள்யூ (பாடத்திலிருந்து விலகியதற்கான குறி) வாங்கிக்கொள்வது சில நேரம் அறிவான காரியம். ஒன்றிரண்டு டபிள்யூவால் வாழ்க்கை கெடாது. ஆனால் துறைப்பாடங்களில் வரிசையாக டபிள்யூ விழுந்தால் கேள்வி வரும், முயற்சிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. நம் பிள்ளைகள் பலர் இதை வீட்டில் சொல்லப் பயந்து கடைசி வாரம்வரை இழுத்துக்கொண்டு போய்ச் சி வாங்குவார்கள். வீட்டில் பேச முடிந்த பிள்ளை இந்தக் குழியில் விழுவதில்லை.

செலவு. மாநில வாசிகளுக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். செமஸ்டருக்கு 15 யூனிட் எடுத்தால் 690, ஆண்டுக்கு 1,380. யூசியில் படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல், தங்குமிடமும் சாப்பாடும் அதைவிடக் கூடுதல். முதன்முறையாக முழுநேரம் சேர்கிறவர்களுக்குப் பல கம்யூனிட்டி காலேஜ்கள் முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தையே தள்ளுபடி செய்கின்றன. அதற்கும் நிதியுதவிப் படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும். நமக்கெல்லாம் கிடைக்காது என்று பலர் அந்தப் படிவத்தை நிரப்புவதே இல்லை, அது தவறு.

விசாவில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் கலிபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் குடியிருந்து உரிய ஆவணங்கள் காட்டினால் மாநிலக் கட்டணமே கட்டலாம். கூட்டாட்சி நிதியுதவி கிடையாது. 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும், அது பல்கலைக்கழகத்துக்கு மாறும் காலத்தோடு மோதக்கூடும் என்பதால் முன்கூட்டியே வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் நேராகக் கம்யூனிட்டி காலேஜுக்கு வருவதும் நடக்கிறது. அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு, பாதை இதேதான். தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்று நடப்பவை தொழிற்பயிற்சிக்கானவை. இங்குள்ள கம்யூனிட்டி காலேஜை அதோடு குழப்பிக்கொண்டு ஊரில் இருக்கும் பெரியவர்கள் கவலைப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாறிய பிறகு வரும் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 1965-இலேயே ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் இதற்கு டிரான்ஸ்ஃபர் அதிர்ச்சி என்று பெயர் வைத்துவிட்டார். மாறிய முதல் பருவத்தில் ஜிபிஏ சரியும், பிறகு பெரும்பாலோர் மீண்டுவிடுவார்கள். கம்யூனிட்டி காலேஜில் முப்பது நாற்பது பேர் வகுப்பு, ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும். அங்கே முந்நூறு பேர் அரங்கம். பெர்க்லியும் மெர்சிடும் தவிர மற்ற யூசி வளாகங்கள் குவார்ட்டர் முறை, பத்தே வாரம். மூன்றாம் வாரத்தில் இடைத்தேர்வு வந்து நிற்கும். மற்ற பிள்ளைகள் இரண்டு ஆண்டாகச் சேர்ந்து படித்து நண்பர் கூட்டம், ஆய்வக வேலை, பேராசிரியர் பழக்கம் எல்லாம் வைத்திருப்பார்கள். இவன் போனதுமே இன்டர்ன்ஷிப் தேட வேண்டியிருக்கும். முதல் பருவத்தில் கடினமான பாடம் மூன்றை ஒன்றாக எடுக்காமல் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்றே வளாகங்களில் மையம் இருக்கிறது, வெட்கப்படாமல் போகட்டும்.

சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். மரபணு வரிசையைப் படித்தறிந்த கிரெய்க் வென்டர், வியட்நாமிலிருந்து திரும்பி வந்து, உங்கள் விரிகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் காலேஜ் ஆஃப் சான் மேட்டியோவில்தான் தொடங்கினார். அங்கிருந்து யூசி சான் டியேகோவுக்கு மாறினார். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் எய்லீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு சிராக்யூஸ் பல்கலைக்கழகம் போனவர். இந்தப் பெயர்களைச் சொல்லி வாதாடலாம். ஆனால் வாதாட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் எண்ணம். "பையன் எங்கே சேர்ந்திருக்கான்?" என்று கேட்டால் கல்லூரியின் பெயரை வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் அவன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். பொங்கல் விழாவுக்கும் பிறந்தநாளுக்கும் வராமல் ஒளிந்துகொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். படிப்பில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளி நண்பர்கள் எல்லோரும் விடுதிக்குக் கிளம்பிய ஆகஸ்ட் மாதத்தில், வீட்டில் யாரும் அவர்களோடு சாதாரணமாகப் பேசவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வீட்டின் மௌனம் அந்த வயதில் பெரிய சுமை. முதல் செமஸ்டரில் மனம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு மேலே காலண்டர் கணக்குச் சொன்னேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இது. அவன் அசிஸ்ட் தளத்தில் மூன்று வளாகங்களுக்கான ஒப்பந்தத்தை எடுத்து அச்சிடட்டும். மூன்றிலும் பொதுவாக இருக்கும் பாடங்களை ஒரு நிறத்திலும், ஒன்றில் மட்டும் இருப்பவற்றை வேறு நிறத்திலும் குறிக்கட்டும். பொதுவானவைதான் அவனுடைய முதல் இரண்டு செமஸ்டர். அதைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலரிடம் நேரம் வாங்கட்டும். கவுன்சிலர் ஒருவருக்குப் பல நூறு மாணவர்கள், கிடைப்பது அரைமணி நேரம். வெறுங்கையோடு போனால் அந்த அரைமணி நேரம் அறிமுகத்திலேயே தீர்ந்துவிடும். தாளோடு போனால், எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் நடக்கும், எது சீக்கிரம் நிரம்பும், எந்தத் துறைக்கு டேக் உண்டு என்று கேட்க நேரம் இருக்கும். சொன்னதை எழுத்தில் கல்வித் திட்டமாக வாங்கிக்கொண்டு வரட்டும். ஒரே கவுன்சிலரையே பிறகும் பார்ப்பது நல்லது.

கூட நீங்களும் போக வேண்டும் என்று தோன்றும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால், அவனுக்குப் பதினெட்டு வயது ஆகாவிட்டாலும், அவன் ஒப்புதல் இல்லாமல் பெற்றோரிடம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச இங்கே சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. அதனால் கவுன்சிலர் உங்களைவிட அவனைத்தான் பார்த்துப் பேசுவார். கேள்விகளை அவனே எழுதிக்கொண்டு அவனே உள்ளே போகட்டும். நீங்கள் வெளியே காரில் இருங்கள். திரும்பி வந்ததும் தாளைக் கேட்காதீர்கள், அவனாகவே எடுத்துக் காட்டுவான்.